எந்த வயதில் முதுமை?

ஆந்திர அரசின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் யார் யாருக்குக் கிடைக்கும் என்ற தகுதிப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். பொதுவாக 60 வயது நிறைந்திருக்க வேண்டும். கைத்தறி நெசவாளிக்கு 50 போதும். கள் இறக்குபவர், மீனவர், தப்பு அடிக்கும் கலைஞர், பழங்குடியினர் ஆகியோருக்கும் 50. பரம்பரையாகச் செருப்புத் தைப்பவருக்கு 40. அதே அரசின் அலுவலகத்தில் கோப்பு எழுதுகிறவரும் பள்ளியில் பாடம் நடத்துகிறவரும் 62 வயதுவரை பணியில் இருக்கலாம். கஜானா ஒன்றுதான். அதன் கணக்கில் ஒருவர் 40-லேயே முதியவர், இன்னொருவர் 62 வரை திடகாத்திரமானவர்.

இந்தப் பட்டியலை மருத்துவர்கள் உட்கார்ந்து எழுதவில்லை. சங்கங்களின் கோரிக்கை, தேர்தல் வாக்குறுதி, சாதிவாரியான கணக்கு எல்லாம் சேர்ந்து எழுதியது. இருந்தும் அதில் ஓர் உண்மை தற்செயலாக உட்கார்ந்திருக்கிறது. உடல் மூப்படையும் வயது தொழிலுக்குத் தொழில் மாறும் என்பதை எந்த ஆய்வறிக்கையையும் மேற்கோள் காட்டாமல் அரசாணை ஒப்புக்கொண்டுவிட்டது. விடுபட்டவர்களும் உண்டு. மாம்பழ மண்டியில் கூடை சுமப்பவர், கரும்பு வெட்டுபவர், சித்தாள், செங்கல் சூளைத் தொழிலாளி, வீட்டுவேலை செய்பவர் எவரும் 60-க்கு முன்னால் முதியவர் ஆவதற்கு அனுமதி இல்லை.

முதுமையில் உழைப்பது உடம்புக்கு நல்லதா கெட்டதா என்ற பழைய கேள்வியைச் சித்தூரிலும் திருப்பதியிலும் வைத்துப் பார்ப்பதற்கு இந்த வட்டாரம் தோதான இடம். 1953-ல் ஆந்திரம் பிரியும்வரை சென்னை மாகாணத்தில் இருந்த மாவட்டம். 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் தமிழ் இன்றும் வீட்டுமொழி. 2022 ஏப்ரலில் பழைய சித்தூரைப் பிரித்துத் திருப்பதியைத் தனி மாவட்டமாக்கினார்கள். அதில் பழைய நெல்லூரின் வெங்கடகிரி, சூளூர்ப்பேட்டைப் பகுதிகளும் சேர்ந்தன. மாந்தோப்பு, பால்மாடு, கைத்தறி, கலம்காரி, கோயில் நகரத்தின் விடுதிகள், பெரிய மருத்துவமனைகள் என்று எல்லாவித உழைப்பும் எல்லாவித வைத்தியமும் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கிவிடும்.

இந்தியா முழுக்க 45 வயதைக் கடந்த 72,000-க்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்து எடுக்கப்பட்டது லாசி என்னும் நெடுங்கால முதுமை ஆய்வு. அதன் முதல் சுற்று 2017-18-ல் நடந்தது, அறிக்கை 2021 ஜனவரியில் வெளிவந்தது. அதன்படி 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 36 சதவீதத்தினர் இன்னும் வேலை செய்கிறார்கள். கிராமத்தில் 40 சதவீதம், நகரத்தில் 26. ஆண்களில் பாதிப்பேர், பெண்களில் ஐந்தில் ஒருவருக்குச் சற்று அதிகம். பெரும்பகுதி விவசாயம், விவசாயம் சார்ந்த வேலை. பெண்களின் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து சாணி வாரி, பால் கறந்து, புல் அறுத்து, பேரப்பிள்ளைக்குச் சோறு கட்டி அனுப்பும் 65 வயதுப் பெண்ணிடம் “வேலைக்குப் போகிறீர்களா?” என்று கேட்டால் “வீட்ல சும்மாதான் இருக்கேன்” என்றுதான் பதில் வரும். கணக்கெடுப்பவரும் அப்படியே குறித்துக்கொள்வார்.

ஓய்வு வயது என்ற ஒன்று சட்டப்படி உள்ளவர்களின் கதையை முதலில் பார்த்துவிடலாம். அதில் ஆந்திரம் இந்தியாவிலேயே விசித்திரமான சோதனைக்கூடம். 1983 ஜனவரியில் என்.டி.ராமராவ் முதல்வரானார். பிப்ரவரி முடிவதற்குள் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58-லிருந்து 55 ஆகக் குறைந்தது. வேலையில்லாத இளைஞர்களுக்கு இடம் வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். பிப்ரவரி 28-ஆம் தேதி மாலை சுமார் 18,000 அரசு ஊழியர்களும் பொதுத்துறை நிறுவனங்களின் 10,000 பேரும் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். மகள் கல்யாணத்தையும் வீட்டுக் கடனையும் 58 வரை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவர்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ‘கே.நாகராஜ் எதிர் ஆந்திர அரசு’ வழக்கில் 1985 ஜனவரியில் வந்த தீர்ப்பு, வயதைக் குறைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்றது. வேடிக்கை என்னவென்றால், அதற்குள் 1984 ஆகஸ்டில், ராமராவ் பதவியிழந்து நாதெண்டல பாஸ்கரராவ் ஒரு மாதம் முதல்வராக இருந்த காலத்தில், வயது மீண்டும் 58 ஆகியிருந்தது. நடுவில் அகப்பட்டு வெளியேறியவர்களுக்கும் பலன் சேர வேண்டும் என்று 1985-லேயே பிரபாகர் ராவ் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். பிறகு 2014-ல் 60. 2022 ஜனவரியில் 62. தமிழ்நாட்டிலும் 2020-ல் 59, 2021-ல் 60 என்று ஏறியது.

இந்த ஏற்ற இறக்கம் எதிலும் ஊழியரின் இரத்த அழுத்தமோ முழங்காலோ விவாதத்துக்கு வரவில்லை. குறைத்தபோது வேலைவாய்ப்பு பேசப்பட்டது. ஏற்றியபோது, ஓய்வுக்காலப் பணப்பலனை ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டிய சுமையைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று எதிர்க்கட்சிகள் பேசின. ஓய்வு வயதை எங்கும் நிதித்துறைதான் எழுதுகிறது, உடற்கூறு எழுதுவதில்லை.

வேலையை விட்டால் உடம்பு என்னவாகும்? ஊரில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. “ரிட்டையர் ஆனார், ஆறே மாசத்துல போயிட்டார்” என்பது ஒன்று. “எழுபத்தஞ்சுலயும் மடை திருப்புறார் பாரு, உழைப்புதான் மருந்து” என்பது இன்னொன்று. இரண்டிலும் ஒரே ஓட்டை. ஆறு மாதத்தில் போனவர் ஏற்கெனவே நோயோடு இருந்ததால்தான் வேலையை விட்டிருக்கலாம். மடை திருப்புகிறவர் உடம்பு ஒத்துழைப்பதால்தான் வயலில் இருக்கிறார். அவரோடு நடவு நட்டுக் களை பறித்தவர்களில் பாதிப்பேர் திண்ணையிலோ கட்டிலிலோ சுடுகாட்டிலோ இருக்கிறார்கள். வயலுக்குப் போகிற நம் கண்ணுக்கு அவர்கள் தென்படுவதில்லை. 1885-லேயே இங்கிலாந்தின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்த வில்லியம் ஓகில் இதைக் கண்டுகொண்டார். கடினமான தொழில்கள் பலசாலிகளையே உள்ளே எடுத்துக்கொள்கின்றன, தளர்ந்தவர்களை வெளியே தள்ளிவிடுகின்றன, அதனால் அந்தத் தொழில் உண்மையில் இருப்பதைவிட ஆரோக்கியமானதாகத் தோன்றும் என்று எச்சரித்தார். ஆரோக்கியமான தொழிலாளி விளைவு என்று இதற்குப் பின்னாளில் பெயர் வைத்தார்கள்.

இந்தப் பொறியிலிருந்து தப்ப ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நோயால் அல்லாமல் சட்ட மாற்றத்தால் வேலையிலிருந்து வெளியேறியவர்களைத் தனியே எடுத்துப் பார்ப்பது. ஆந்திரத்தின் 1983 போன்ற தருணங்கள்தான் அதற்குக் கச்சாப்பொருள். ஆஸ்திரியாவில் உருக்குத் தொழில் நொடித்தபோது சில பகுதிகளின் வயதான தொழிலாளர்களுக்கு மட்டும் முன்கூட்டியே வெளியேறும் சலுகை கிடைத்தது. ஆண்ட்ரியாஸ் கூன் தலைமையிலான பொருளாதார ஆய்வாளர்கள் அவர்களைத் தொடர்ந்தார்கள். உடலுழைப்பு ஆண்களிடம் ஓராண்டு முன்கூட்டிய ஓய்வு 67 வயதுக்குள் இறக்கும் வாய்ப்பைக் கூட்டியிருந்தது. பெண்களிடம் அந்த விளைவு இல்லை. கூடுதல் இறப்பில் கணிசமான பங்கு புகைக்கும் குடிக்கும். ஆனால் ஐரோப்பாவின் பல நாடுகளைச் சேர்த்துப் பார்த்த நோர்மா கோ, ஜெமா சமாரோ இருவரின் 2011 ஆய்வு ஓய்வுக்குப்பின் மக்கள் தங்கள் உடல்நலம் மேம்பட்டதாகச் சொல்வதைக் காட்டியது. 2010-ல் ரோவெடரும் வில்லிஸும் சீக்கிரம் ஓய்வு பெறும் நாடுகளில் ஞாபகசக்தி சீக்கிரம் சரிவதாக எழுதினார்கள். நல்லது, கெட்டது, மூளைக்குக் கெட்டது, மனதுக்கு நல்லது என்று எந்தப் பக்கமும் ஆதாரம் கிடைக்கும்.

இவ்வளவு முரண்பாடு வந்தால் கேள்வியில்தான் கோளாறு இருக்க வேண்டும். வேலையா ஓய்வா என்பதைவிட, செய்கிற வேலையின் வேகத்தை யார் வைக்கிறார்கள் என்று கேட்பது பயன் தரும் என்பது என் எண்ணம். லண்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரை 1985 முதல் பின்தொடர்ந்த இரண்டாம் வைட்ஹால் ஆய்வு இதற்குப் பக்கபலம். தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதில் அதிகாரம் குறைந்தவர்களுக்கு இதயநோய் அதிகம் என்று மைக்கேல் மார்மட்டும் சகாக்களும் காட்டினார்கள். அவர்கள் எல்லாம் மேசை நாற்காலி ஊழியர்கள். தரையிலும் வெயிலிலும் வேலை செய்கிறவர்களுக்கு அதே விதி இன்னும் கடுமையாகப் பொருந்தும்.

திருப்பதியிலேயே இதை யோசித்தவர்கள் உண்டு. ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954-ல் தொடங்கியது. அதன் உளவியல் துறையில் பி.வி.ராமமூர்த்தியும் டி.ஜமுனாவும் முதுமை ஆய்வு மையத்தை வளர்த்தெடுத்தார்கள். இந்தியாவில் முதியோர் உளவியல் என்ற துறைக்கு அடித்தளம் போட்ட இடங்களில் அதுவும் ஒன்று. நன்றாக மூப்படைகிறவர்களிடம் என்னென்ன இருக்கிறது என்று அவர்கள் தேடினார்கள். தன் உடல்நலத்தைப் பற்றித் தனக்கிருக்கும் எண்ணம், தன்னால் என்ன முடியும் என்ற நம்பிக்கை, தலைமுறைகளுக்கிடையே இணக்கம், வளைந்துகொடுக்கும் குணம், ஈடுபாடுகளின் விரிவு, பொருளாதார நிலை, கர்மவினையிலும் மறுமையிலும் நம்பிக்கை என்று பட்டியல் நீண்டது. மேற்கத்திய ஆய்வுகளில் கடைசி அம்சத்தைப் பார்க்க முடியாது. நான் கவனிப்பது பட்டியலின் முதல் இரண்டை. டாக்டர் அளப்பதற்கும் முதியவர் உணர்வதற்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் உட்கார்ந்திருப்பது அவருடைய வேலைதான். சர்க்கரை 200 இருப்பவர் “எனக்கு ஒண்ணுமில்ல” என்பார், கழனிக்குப் போய்விட்டு வந்ததால். எல்லாச் சோதனையும் சரியாக இருப்பவர் “ஒடம்பு முடியல” என்பார், மாட்டை விற்றுவிட்டதால்.

மாடு என்றதும் சித்தூரின் பால் பொருளாதாரத்துக்கு வர வேண்டும். இந்தப் பக்கத்தில் நிலம் வறண்டாலும் வீட்டுக்கு இரண்டு கறவை நிற்கும். பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் ஸ்ரீசிட்டி ஆலைகளுக்கும் போய்விட்ட வீடுகளில் அந்த மாடுகள் கிழவன் கிழவி பொறுப்பு. காலையும் மாலையும் கேன் தூக்கிக்கொண்டு பால் கேந்திரத்துக்கு வரும் வரிசையைப் பார்த்தால் பாதித் தலை நரைத்திருக்கும். கொழுப்பும் கொழுப்பல்லாத திடச்சத்தும் பார்த்து விலை போடுகிறார்கள். பத்து, பதினைந்து நாளைக்கு ஒருமுறை பட்டுவாடா. வெளியே இருந்து பார்த்தால் முதியவர்களுக்கு ஏற்ற வேலை. வீட்டோடு, நிழலில், மேஸ்திரியின் அதட்டல் இல்லாமல். உண்மையில் இதைப்போல ஈவிரக்கமில்லாத எஜமான் வேறில்லை. கலப்பின மாடு ஒரு வேளைகூடக் காத்திருக்காது. காய்ச்சல் வந்தாலும் கறக்க வேண்டும். கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு, “மாட்டை யாரு பாத்துக்குவா சாமி?” என்று தள்ளிப்போடும் பெண்கள் ஊருக்கு ஊர். கறவைக்குக் குந்தி உட்காருவதும், புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றுவதும், சாணிக்கூடையோடு எருக்குழிவரை நடப்பதும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதே வட்டாரத்தின் புங்கனூர் பெயரில் ஒரு நாட்டு மாடு உண்டு. மூன்றடி உயரம்கூடத் தாண்டாது. தீனி கொஞ்சம், பால் கொஞ்சம், ஆனால் கொழுப்பு மிக அதிகம். வயதானவர் வளர்ப்பதற்கென்றே அளவெடுத்தது போன்ற பிராணி. லிட்டர் கணக்கில் அது தோற்றுப்போய்க் கிட்டத்தட்ட அழிந்தது. இப்போது லட்சக்கணக்கில் விலை வைத்துப் பணக்காரர் வீட்டுத் தோட்டங்களில் புகைப்படத்துக்கு நிற்கிறது.

மாந்தோப்புக்காரர்களின் கதை வேறு. சித்தூரில் பெரும்பாலும் தோத்தாபுரி, நம் பக்கத்தில் பெங்களூரா என்போம். ஜூன், ஜூலையில் கூழ் ஆலைகள் எடுத்துக்கொள்ளும். 2025-ல் விலை சரிந்து, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், மேலே 4 ரூபாய் மானியம் என்று அரசு அறிவிக்க வேண்டிவந்தது. ஆலை வாசலில் டிராக்டர்கள் நாள்கணக்கில் காத்துக் கிடந்தன. விலை விழும்போது விவசாயி முதலில் வெட்டுவது கூலி ஆளைத்தான். அந்த வேலை நேராக அவர் முதுகிலும் மனைவியின் தோளிலும் ஏறும். சந்தை நிலவரத்துக்கும் 68 வயதுக்காரரின் இடுப்பு வலிக்கும் நேர்க்கோட்டில் தொடர்பு இருக்கிறது. எந்த மருத்துவச் சீட்டும் அதை எழுதாது. சொந்த நிலம் இருக்கிறவர் தன் வேகத்துக்கு வேலை செய்யலாம் என்பது நல்ல விலை கிடைக்கும் வருஷத்துக்கு மட்டும் பொருந்தும்.

நிலமில்லாதவர்களுக்கு நூறு நாள் வேலைச் சட்டம் வந்தது. 2006 பிப்ரவரியில் அனந்தபுரம் மாவட்டத்தின் பண்ட்லபள்ளியில் நாட்டுக்கே தொடங்கிவைத்தார்கள். முதல் கட்ட மாவட்டங்களில் சித்தூரும் ஒன்று. ஜனங்கள் வாயில் அதற்குப் பெயர் ‘கருவு பனி’, பஞ்ச வேலை. இந்தச் சட்டத்தில் வயதுக்கு மேல்வரம்பே கிடையாது. தனியார் வேலைக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி ஒரு பார்வையில் கழித்துக்கட்டும் உடம்பை இங்கே யாரும் திருப்பி அனுப்ப முடியாது. வயதான பெண்கள் இதற்குத் திரண்டு வந்ததற்கு அதுவே காரணம். ஆனால் ஆந்திரத்தில் கூலி நாள்கணக்கில் இல்லை, தோண்டிய மண்ணை அளந்து. அந்த அளவும் ‘சிரம சக்தி சங்கம்’ என்ற குழுவுக்குப் பொதுவாக. குழுவில் இரண்டு கிழவிகள் இருந்தால் மற்றவர் கூலி குறையும். சில குழுக்கள் அவர்களுக்கு மண் அள்ளும் வேலையை விட்டுத் தண்ணீர் கொடுக்கும் வேலையைத் தந்து சமாளிக்கின்றன. சில குழுக்களில் முணுமுணுப்பு தொடங்கி, கிழவியே ஒருநாள் வராமல் நின்றுவிடுகிறாள். வேகத்தை இங்கே வைப்பது அதிகாரியும் இல்லை, அவளும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியின் கூலித் தேவை வைக்கிறது.

இந்த மண்ணின் கோடையில் இன்னொரு கணக்கும் சேரும். வயதானால் தாகம் எடுப்பது குறையும், வியர்ப்பதும் குறையும். இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டும். ஒதுங்க மறைவிடம் இல்லாத பணியிடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்ப்பார்கள். நான்கும் ஒரே உடம்பில் கூடும்போது மயங்கி விழுவது ‘வயசாயிடுச்சு’ என்பதால் மட்டும் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் வேலையை விடிகாலையிலேயே தொடங்கிவிடுவதும், கோடைக்கெனக் கூலியில் குறிப்பிட்ட சதவீதம் கூட்டிப்போட்டு அளவைத் தளர்த்தியதும் ஆந்திரம் செய்த நல்ல காரியங்கள்.

இவற்றுக்கு நேரெதிர் ஸ்ரீகாளஹஸ்தி. கலம்காரித் துணிக்குப் பாலிலும் கடுக்காயிலும் ஊறப்போட்டுக் காயவைப்பது தொடங்கி, சுட்ட புளியங்குச்சிக் கரியால் கோடு இழுப்பது, இரும்பும் வெல்லமும் புளிக்கவைத்த கறுப்பில் ‘கலம்’ என்னும் பேனாவைத் தோய்த்து வரைவது, படிகாரம் பூசுவது, ஓடும் தண்ணீரில் அலசுவது, சாயத்தில் கொதிக்கவைப்பது என்று ஏகப்பட்ட கட்டம். குடும்பப் பட்டறையில் இவற்றை வயதுக்குத் தக்கபடி பிரித்துக்கொள்வார்கள். ஈரத்துணியைத் தூக்கி ஆற்றில் அலசுவதும் அண்டாவில் கிளறுவதும் இளையவர்களுக்கு. முகத்துக்குக் கோடு இழுப்பது பெரியவருக்கு. கண் தெரியும்வரை, கை நடுங்காதவரை, அவர் பட்டறையின் தலைமகன். மங்கினால் கதை சொல்லி, எந்தக் கட்டத்தில் எந்தக் காட்சி என்று பிரித்துக் கொடுப்பார். 2008-ல் பத்மஸ்ரீ பெற்ற ஜொன்னலகட்ட குரப்ப செட்டி போன்றவர்கள் முதுமையில்தான் அந்தக் கலையின் முகமாக அறியப்பட்டார்கள். வேலையே ஏணிப்படி போல இறங்க இடம் கொடுக்கிறது. வெங்கடகிரி நெசவில் அந்த இடம் குறைவு. குழித்தறியில் கால் இறக்கி மிதிக்க முடிந்தால் நெசவு, முடியாவிட்டால் நூல் சுற்றுவது, அதற்குக் கிடைக்கும் காசும் அதற்கேற்றது. அரசு நெசவாளிக்கு 50 என்று எழுதியதில் நியாயம் இருக்கிறது.

திருப்பதி நகரத்தில் 60 தாண்டிய ஆணுக்கு எளிதில் கிடைக்கும் வேலை ஒன்றுதான், காவலாளி. விடுதி, அடுக்ககம், ஏ.டி.எம்., கல்லூரி வாசல். பன்னிரண்டு மணி நேரம், பெரும்பாலும் இரவு. உட்கார்ந்திருக்கிற வேலைதானே என்பார்கள். இரவுப்பணியை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-ல் சேர்த்தது, 2019-ல் மறுபடி உறுதி செய்தது. அதைவிட உடனடிப் பிரச்சினை, சர்க்கரை மாத்திரை. சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று எழுதிக்கொடுக்கிற டாக்டர் பகலில் விழித்து இரவில் தூங்குகிற ஆளை மனதில் வைத்து எழுதுகிறார். விடிகாலை மூன்று மணிக்கு டீயும் பிஸ்கட்டும் தின்கிற ஆளுக்கு எது முன், எது பின்?

இனி ஆந்திரம் முதியவர்களுக்கு மாதந்தோறும் தரும் 4,000 ரூபாய்க்கு வரலாம். முதியோர் ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60 முதல் 79 வயதுவரை மாதம் 200 ரூபாய். 2007-லிருந்து அதே 200. 80-க்கு மேல் 500. மிச்சத்தை மாநிலம் போடுகிறது. ஆந்திரத்தில் 2014-ல் 1,000, 2019 தொடக்கத்தில் 2,000, பிறகு படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 3,000, அதே ஆண்டு ஜூலையில் 4,000. தமிழ்நாட்டில் 2023-ல் 1,200 ஆனது. பக்கத்து ஊர் வித்தியாசம் இது. நகரியில் ஒரு கிழவிக்கும் தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டில் அவள் தங்கைக்கும் மாதம் 2,800 ரூபாய் இடைவெளி.

பணம் வந்தால் முதியவர்கள் வேலையை விட்டுவிடுவார்களா? நீரஜ் கௌஷல் 2014-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் முதியோர் ஓய்வூதியம் விரிவானபோது குறைந்த படிப்புள்ள ஆண்களின் வேலை சற்றே குறைந்தது, பெண்களிடம் மாற்றம் இல்லை என்றது. அவர் பார்த்தது சில நூறு ரூபாய் காலம். 4,000 ரூபாயில் கணக்கு மாறும் என்று எதிர்பார்க்கலாம், ஆனாலும் வேலை நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. நடப்பது வேறு. கிழவி மாட்டை விற்பதில்லை, இரண்டில் ஒன்றை விற்கிறாள். காவலாளி இரவுப்பணியை விட்டுப் பகல்பணி கிடைக்கும்வரை காத்திருக்க முடிகிறது. ஜுரத்தில் மூன்று நாள் படுக்க முடிகிறது. மேஸ்திரி கூப்பிட்ட அன்று ‘இன்னைக்கு வரல’ என்று சொல்ல முடிகிறது. இந்த அளவு அதிகாரம்தான் உடம்பைக் காப்பாற்றுகிறது.

அந்தப் பணம் வந்து சேரும் வழியிலும் உழைப்பின் தடம் தெரியும். மாதம் முதல் தேதி கிராமச் செயலக ஊழியர் கருவியோடு வாசலுக்கு வருகிறார். விரலை வைத்தால் ரேகை பதிவதில்லை. ஐம்பது வருஷம் மண்வெட்டியும் களைக்கொத்தும் பிடித்த கை, சுண்ணாம்பும் சிமென்ட்டும் தின்ற கை. துடைத்து, எண்ணெய் தடவி, கட்டை விரலை விட்டு நடுவிரலை வைத்துப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் கண்ணையோ முகத்தையோ கருவிக்குக் காட்ட வேண்டும். 2024 ஏப்ரலில், தேர்தல் நேரத்தில், வீடு தேடி வந்துகொண்டிருந்த தன்னார்வலர்களைத் தேர்தல் ஆணையம் விலக்கியதும் முதியவர்கள் வெயிலில் செயலகத்துக்கும் வங்கிக்கும் நடந்தார்கள். சிலர் இறந்ததாகச் செய்திகள் வந்து, யார் குற்றவாளி என்று கட்சிகள் ஒன்றையொன்று சாடின.

உடல்நலம் வேலையைத் திருப்பித் தருவதற்கு மிகத் தெளிவான சான்று கண்புரைதான். 1980-களின் தொடக்கத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் ஜோனதன் ஜேவிட், டாக்டர் வெங்கடசாமி, ஆல்ஃபிரட் சோமர் மூவரும் ஒரு கணக்குப் பார்த்தார்கள். பார்வை போனதால் வேலையிழந்திருந்த ஆண்களில் 85 சதவீதமும் பெண்களில் 58 சதவீதமும் அறுவைக்குப் பின் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். அந்த அரவிந்த் 2019 முதல் திருப்பதியிலும் இருக்கிறது. இருபது நிமிஷ அறுவை. முதியவர்களுக்கான திட்டங்களிலேயே செலவுக்கு இதைவிடப் பலன் தருவது எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

முழங்கால் அப்படி இல்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1980-களில் ஊனமுற்றோருக்காகத் தொடங்கிய பர்ட் மருத்துவமனையில் இன்று முழங்கால் மாற்று அறுவைக்கும் கூட்டம். வலி போகிறது, நடக்க முடிகிறது, படி ஏற முடிகிறது. ஆனால் மாற்றிய முழங்காலோடு குந்தக் கூடாது, சம்மணம் போடக் கூடாது என்பது பொதுவான ஆலோசனை. குந்தாமல் பால் கறப்பது எப்படி? சம்மணம் போடாமல் கலம்காரி வரைவது எப்படி? நடப்பதற்காக மட்டும் கால் வைத்திருக்கிற ஆளுக்கு அந்த அறுவை வெற்றி. தரையில் பிழைப்பு நடத்துகிறவருக்கு வலியோடு பிழைப்பும் போய்விடலாம்.

எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்கு இன்னும் ஜனம் போவதைப் படிக்காதவர்களின் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடும் டாக்டர்களுக்கு ஒன்று சொல்லலாம். பச்சிலை அரைப்பு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை, துணி. காலையில் போனால் மாலைக்குள் வீடு. செலவு சொற்பம், படுக்கையில் சேர்க்க மாட்டார்கள். எல்லா முறிவுக்கும் அது சரி என்று சொல்ல மாட்டேன். வயதானவரின் இடுப்பெலும்பு முறிந்தால் அறுவைதான் வழி, தாமதித்தால் படுக்கைப்புண்ணும் நிமோனியாவும் உயிரை எடுத்துவிடும். ஆனால் மணிக்கட்டு முறிந்த 65 வயதுக்காரி அங்கே போவது மாட்டைப் பற்றிய கணக்கில். எத்தனை நாள் வீட்டைவிட்டு இருக்க முடியும் என்பதுதான் அவளுக்கு முதல் கேள்வி.

மருத்துவர் நோயாளியிடம் வழக்கமான கேள்விகளோடு ‘உன் தொழில் என்ன?’ என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று இத்தாலியின் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-ல் எழுதினார். தொழில்நோய் மருத்துவம் அங்கிருந்து தொடங்குகிறது. இங்கே வெளிநோயாளி சீட்டில் அந்தக் கட்டம் உண்டு. ‘கூலி’ என்றோ ‘இல்லத்தரசி’ என்றோ நிரப்பப்படும். கூலி என்றால் மண் அள்ளுவதா, இரவு முழுக்க வாசலில் உட்காருவதா? இல்லத்தரசி என்றால் எத்தனை மாடு? 2024 அக்டோபர் முதல் 70 வயது கடந்த எவருக்கும் வருமான வரம்பில்லாமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சைக் காப்பீடு என்று ஆயுஷ்மான் பாரத் விரிந்திருக்கிறது. அறுவைக்கான பணத்தைச் சுகாதாரத் துறை தரும். அறுவை முடிந்து வெங்கடகிரிக்குத் திரும்பும் நெசவாளிக்குக் குழிக்குள் இறங்காமல் உட்கார்ந்து நெய்யும் உயர்த்திய தறி வேண்டும். அது கைத்தறித் துறையின் சமாச்சாரம், வேறு கட்டடம், வேறு விண்ணப்பம், வேறு அதிகாரி.